விதி ஏட்டில் உறங்கலாகாது

பூகம்பம் மனிதரைக் கொல்வதில்லை. மனிதர் கட்டிய கட்டிடங்களே அவர்களைக் கொல்கின்றன என்பர் பொறியியல் வல்லார். வெட்டவெளியில் நிற்பவனை நிலத்தின் அசைவு கீழே தள்ளலாம்; அவன் உயிரைப் பறிப்பது அரிது. ஆகவே, வீடு கட்டுவதற்கென ஒரு நாடு வகுத்துக்கொள்ளும் விதியை உயிர் காக்கும் விதி என்றே கூறலாம். இந்தியாவில் அவ்விதி தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1931 ஆகஸ்டில் பெலுசிஸ்தானத்தின் மாச் என்னும் ஊரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதன்பின், அருகிலுள்ள குவெட்டா நகரில் ரயில்வே ஊழியர்களுக்கு வீடுகள் கட்டும் பொறுப்பு, எஸ். எல். குமார் என்னும் இந்தியப் பொறியியலாரிடம் வந்தது. சாதாரணச் சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். பூகம்பமோ பக்கவாட்டில் தள்ளுகிறது. கட்டிடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தாக்கினும் நிலைகுலையாதவாறு குமார் கணக்கிட்டார். பழைய தண்டவாளங்களைச் சட்டமாக நிறுத்திச் செங்கற் சுவரை அவற்றோடு பிணைத்தார். இந்தியாவின் பூகம்ப அபாயப் பகுதிகளைக் காட்டும் படம் ஒன்றையும் 1933-இல் வெளியிட்டார்.

1935 மே 31-ஆம் நாள், விடியற்கு முன்னர், குவெட்டா தரைமட்டமாயிற்று. முப்பதாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். இடிபாடுகளுக்கு நடுவே குமார் கட்டிய வீடுகள் நின்றன. இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

எனினும், நாடு முழுமைக்குமான விதி வர மேலும் 27 ஆண்டுகள் சென்றன. 1960-இல் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் பூகம்பப் பொறியியலுக்கெனத் தனிப் பள்ளி தொடங்கிற்று. 1962-இல் இந்தியத் தர நிறுவனம் முதல் விதித் தொகுப்பை வெளியிட்டது. அபாயத்தின் அளவைக்கொண்டு நாடு மண்டலங்களாக வகுக்கப்பட்டது.

அந்த வகுப்பில் ஒரு குறை இருந்தது. முன்னர் எங்கே நிலம் அதிர்ந்ததோ அங்கேதான் இனியும் அதிரும் என்பது அதன் பெரும் ஆதாரம். தக்காணப் பீடபூமி அசையாத நிலம் என்று கருதப்பட்டது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதி குலுங்கியது. 1970-இல் படம் திருத்தப்பட்டது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் அதே மாநிலத்தின் கில்லாரி வட்டாரம் அழிந்தது. மண்சாந்தில் அடுக்கிய கற்சுவர்களும், கனத்த மண்கூரைகளும் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ 8,000 பேரைப் புதைத்தன. அவ்வட்டாரம் படத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலத்தில் இருந்தது! 2002-இல் வந்த திருத்தத்தில் அம்மண்டலமே நீக்கப்பட்டது. சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

படம் திருந்தினால் போதுமா? 2001 ஜனவரி 26-ஆம் நாள் கட்ச் பகுதியில் எழுந்த பூகம்பம், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டிடங்களை வீழ்த்தியது. வண்டிகள் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களாக விட்டிருந்த கட்டிடங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அப்போது விதி இல்லாமலில்லை. அதைக் கடைப்பிடிக்கச் செய்யும் ஏற்பாடுதான் தளர்ந்திருந்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம், அத்தகைய தூண்கள் இரண்டரை மடங்கு விசைக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியது.

இவ்விதிகள் யாவும் பெரும் பொருட்செலவைக் கோருவன அல்ல. கான்கிரீட் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முனையை 90 பாகையோடு நிறுத்தாமல், 135 பாகைக்கு உள்நோக்கி மடக்க வேண்டும் என்கிறது 1993-இல் வந்த விதி. நிலம் குலுங்கும்போது மேற்பூச்சு உதிர்ந்தாலும் வளையம் அவிழாமல் தூணை இறுகப் பிடித்திருக்கும். இதற்குச் சில அங்குலக் கம்பியும் சிறிது கவனமும் போதும்.

ஆனால் கம்பி கட்டும் தொழிலாளிக்கு இதைச் சொன்னவர் யார்? சொன்னபின் மேற்பார்த்தவர் யார்? வீடு கட்டுவோர் தரைக்குப் பளிங்கு தேடுமுன் இவ்விரு வினாக்களையும் கேட்டறிதல் வேண்டும். குவெட்டாவிலும் கில்லாரியிலும் மாண்டோர் நமக்கு விட்டுச்சென்ற பாடம், அந்தச் சிறு வளையத்தின் முனைவரை சென்று சேர வேண்டும். அதுவரை விதி வெறும் ஏடுதான்.