செனெகாவின் இரவுக் கணக்கு

ரோம் நகரின் தானிய வரவைக் கவனித்த அதிகாரி பவுலினஸ். நகரத்தின் சோறே அவர் பொறுப்பு. வாழ்நாளின் குறுமை பற்றிய நூலை ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா அவருக்குத்தான் எழுதினார்: களஞ்சியக் கணக்கு போதும், சொந்த வாழ்நாளின் கணக்கைப் பாருங்கள் என்று. கி.பி. 41 முதல் 49 வரை கோர்சிகாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தவரின் பேச்சு அது. நான் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது அவருடைய இரவு வழக்கம்தான். செக்ஸ்டியஸ் என்ற தத்துவ அறிஞரைப் பின்பற்றிப் பழகியது. விளக்கை எடுத்துச் சென்றதும், கணவரின் வழக்கம் அறிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்வார். செனெகா அன்றைய சொல், செயல் அனைத்தையும் தனக்குள் விசாரிப்பார். ஒருவரைத் தேவைக்கு மேல் கடிந்துகொண்டதுகூட விசாரணைக்கு வரும். இவ்வளவும் எழுதியவர், அந்த இடத்தில் மனைவியின் பெயரை எழுதவில்லை. அந்த நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தவர் அந்தப் பெண், பெயரையும் எழுதியிருக்கலாம்.