தண்டுவட மரப்பு நோயும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியலும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. 1868இல் பாரிசில் சார்க்கோ இந்நோயை விரிவாக விவரித்தார். உறை அழிந்தாலும் உள்ளிருக்கும் நரம்பிழை பெரும்பாலும் தப்பிவிடும் என்பதே அதன்பின் நெடுங்காலம் நிலவிய கருத்து. அக்கருத்து மாறியதில் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இம்முறையின் வேரில் ஓர் இந்தியர் இருக்கிறார். 1951இல் ஆர்னால்ட், தர்மாட்டி, பேக்கார்ட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எத்தனாலைக் காந்தப்புலத்தில் ஆராய்ந்தபோது, ஐதரசனிலிருந்து மூன்று தனித்தனி முகடுகள் கிடைத்தன. மூலக்கூறில் தான் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஐதரசன் அணுக்கரு சற்றே வேறான அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. வேதிப் பெயர்ச்சி எனப்படுவது இதுவே. எஸ். எஸ். தர்மாட்டி பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறைக்கான ஆய்வுக்குழுவை உருவாக்கினார்.

எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நீரின் ஐதரசனைக் கொண்டு படம் வரைகிறது. நிறமாலையியலோ நீரின் பெருங்குரலை அடக்கிவிட்டு, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிந்த பிற வேதிப்பொருள்களின் குரலைக் கேட்கிறது. அவற்றுள் முதன்மையானது என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட். 1956இல் கண்டறியப்பட்ட இப்பொருள் மூளையில் பெரும்பாலும் நரம்பணுக்களிலும் அவற்றின் இழைகளிலும் இருப்பதால், அது குறைந்தால் நரம்பிழைக்கே கேடு என்று ஐயுறலாம்.

1990இல் கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஆர்னால்டும் (முன்சொன்ன ஆர்னால்ட் வேறு) அவருடைய குழுவினரும் இந்நோயாளிகளின் மூளையில் அப்பொருள் குறைந்திருப்பதைக் காட்டினர். பின்வந்த ஆய்வுகளில், எம்.ஆர்.ஐ. படத்தில் பழுதின்றித் தோன்றிய வெண்பொருளிலும் அது குறைந்திருந்தது. புதிய புண்களில் கோலின் உயர்வது உறைச் சவ்வு சிதைவதைக் காட்டியது. 1998இல் டிராப் குழுவினர் அறுபட்ட நரம்பிழைகளை நுண்ணோக்கியிலேயே கண்டனர். ஆனால் சில புண்களில் குறைந்த அளவு ஓரளவு மீண்டதும் உண்டு. எனவே எல்லாக் குறைவும் அழிவாகாது.

நோயைக் கண்டறியப் பயன்படும் மெக்டொனால்டு அளவுகோல்களில் நிறமாலையியலுக்கு இன்னும் இடமில்லை. திருமயத்திலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ செல்லும் நோயாளிக்கு மருத்துவர் முதலில் கேட்பது வழக்கமான எம்.ஆர்.ஐ. படமே. வேதி அளவீடு ஆய்வுக்கூடங்களிலும் மருந்துச் சோதனைகளிலுமே அதிகம் பயன்படுகிறது.