ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி: சோழர் கால முகத்தலளவையை எடையாக மாற்றுவதில் உள்ள சிக்கல்

முன்னுரை

கோயில் திருவமுதுக்கு வேண்டிய பொருள்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் நுட்பமான அளவுகளோடு பதிவு செய்துள்ளன. அவ்வளவுகளைக் கிலோகிராமுக்கு மாற்றி அக்கால விளைச்சலையும் உணவையும் மதிப்பிடுவோர் உளர். அம்மாற்றத்தில் நேரக்கூடிய பிழையொன்றை நெல், அரிசி விகிதத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அளவும் நிறையும்

தொல்காப்பிய எழுத்ததிகாரம் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியே சுட்டுகிறது. கல்வெட்டுகளும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. நெல், அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு ஆகியன முகந்து அளக்கப்பட்டன. சர்க்கரை பலத்தால் நிறுக்கப்பட்டது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி, அதாவது 96 நாழி, ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலும் பொன் நிறுக்கும் கல்லும் ‘ஆடவல்லான்’ என்ற ஒரே பெயரைப் பெற்றுள்ளன. பெயர் ஒன்றாயினும் அளவைகள் இரண்டே.

விகிதமும் விளக்கமும்

ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது இக்கல்வெட்டுகளில் பயிலும் கணக்கு. இதனை எடை விகிதமாகக் கொண்டால், குற்றும்போது நெல்லில் 60 விழுக்காடு கழிந்தது என்ற முடிவு கிடைக்கும்; அக்காலக் குற்றுமுறை மிகவும் குறைபாடுடையது என்றும் தோன்றும்.

ஆனால் இது முகத்தலளவை விகிதம். உமியோடு கூடிய நெல், கலத்தில் இடைவெளி விட்டுக் கிடக்கும். அரிசி நெருங்கி அமையும். ஒரு லிட்டர் நெல் ஏறத்தாழ 580 கிராம், ஒரு லிட்டர் அரிசி ஏறத்தாழ 800 கிராம் எனக் கொள்வோம். ஐந்து லிட்டர் நெல் 2,900 கிராம். இரண்டு லிட்டர் அரிசி 1,600 கிராம். ஆகவே எடையளவில் கிடைத்த அரிசி 40 விழுக்காடன்று, ஏறத்தாழ 55 விழுக்காடாகும். இக்கணக்கிற்கு நாழியின் கொள்ளளவை அறிய வேண்டியதில்லை. இரு பொருள்களும் ஒரே நாழியால் அளக்கப்பட்டிருந்தால் போதும்.

நெல்லின் வகை, ஈரப்பதம், தலை தட்டி அளத்தல், குவித்து அளத்தல் ஆகியவற்றால் இம்மதிப்பு மாறும். குற்றுகூலி இவ்விகிதத்தில் அடங்குமா என்பதை அந்தந்தக் கல்வெட்டின் வாசகம் கொண்டே துணிதல் வேண்டும்.

முடிவுரை

நாழிக்கு இத்தனை கிராம் என ஒரே எண்ணை எல்லாப் பொருளுக்கும் பயன்படுத்துவது பொருந்தாது. அவ்வாறு செய்தால் நெல்லின் எடை மிகும் அல்லது அரிசியின் எடை குறையும். அதன்மேல் எழுப்பும் கூலி, வரி, உணவு பற்றிய முடிவுகளும் பிழைபடும். முதலில் கல்வெட்டின் அளவையிலேயே கணக்கை முடித்து, பின்னர் பொருள்தோறும் தனித்தனி அடர்த்தியைக் குறிப்பிட்டு எடைக்கு மாற்றுவதே தக்க நெறியாகும்.