குதிகால் வெடிப்பும் நம்ம ஊர்ப் பெண்களும்

கூட்டமைப்பின் மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு ஊராட்சிக் கூட்டத்தில் சொன்னபோது, மற்ற அக்காமார் எல்லாம் சேமிப்பு, கடன், தையல் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பித்த வெடிப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் பாயில் காலை மடக்கிப் புடவைக்குள் மறைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நம் குழுவில் வெடிக்காத குதிகாலை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி எல்லாருக்கும் உள்ள ஒன்றுக்கு ஒரு வரலாறு இருக்கத்தானே செய்யும்?

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடகரை, மண்ணச்சநல்லூர் பக்கம். எங்க பாட்டி நடவாள். அம்மா அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்தவர். இவர்கள் இரண்டு பேர் காலையும் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

பாட்டி காலத்துக் கணக்கு எல்லாம் காவிரித் தண்ணீரை வைத்துத்தான். மேட்டூர் அணை 1934-இல் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஜூன் 12 என்றாலே நம் டெல்டா பக்கம் எல்லாருக்கும் தெரிந்த தேதி. தண்ணீர் வந்தால் நாற்றங்கால், அப்புறம் நடவு, களை. காலையில் சேற்றில் இறங்கினால் பொழுது சாயும்வரை கால் சேற்றிலேயே ஊறும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும், அதற்கு மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகை வரை ஈரத்தில் ஊறிய அதே காலுக்கு மார்கழி, தையில் பனியும் வறண்ட காற்றும். ஊறி ஊறிக் காய்ந்த தோல் மாட்டுத்தோல் மாதிரி விறைத்துவிடும். அறுவடை வயலில் நடந்தால் அறுத்த தாள் வெடிப்புக்குள்ளேயே குத்தும். ரத்தம் வந்தால் மண்ணை எடுத்து அப்பிவிட்டு அடுத்த கட்டு அரியப் போவாங்களாம். பாட்டி இதைப் பெருமையாகத்தான் சொல்லும். எனக்குப் பெருமையாகப் படவில்லை.

செருப்பு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். செருப்பு இருந்தது, எல்லார் காலிலும் இல்லை. சேற்றில் செருப்பு ஆகாது, அது சரி. வரப்பில், ரோட்டில், வெயிலில்? அங்கேயும் போட முடியாத காலம் ஒன்று இருந்தது. சில தெருக்களுக்குள் நுழையும்போது சில ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்த கட்டுப்பாடு. பாட்டி அதைப் பார்த்திருக்கிறது. அந்த ஜனங்களில் பெண்களுக்குச் செருப்பு வாங்கித் தரணும் என்ற எண்ணமே வீட்டு ஆண்களுக்கு வந்ததில்லை. ஆக, வெடிப்புக்குக் காரணம் தோல் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் ரங்கநாதருடைய பாதுகையைப் பற்றி மட்டுமே வேதாந்த தேசிகர் ஆயிரத்துக்கும் மேல் சுலோகம் பாடியிருக்கிறார். பாதுகா சகஸ்ரம் என்று பெயர். ஒரே இரவில் பாடியதாகச் சொல்வார்கள். பெருமாளுக்குப் பெரிய பெரிய தோல் செருப்பு செய்து காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கமும் அந்தக் கோயிலில் உண்டு. பெருமாள் ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதால் தேய்ந்துவிடுகிறது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். படுத்துக்கொண்டே இருக்கிற பெருமாளுக்கே செருப்பு தேயுமென்றால், அவர் கோயிலுக்கு நெல் விளைத்துக் கொடுத்த பெண்களின் வெறுங்கால் எவ்வளவு தேய்ந்திருக்கும்!

அதே கோயிலில் வைத்தியமும் நடந்திருக்கிறது. கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, கருடவாகன பட்டர் என்பவர் அங்கிருந்த ஆரோக்கியசாலையை, அதாவது ஆஸ்பத்திரியை, மறுபடி எடுத்துக்கட்டியதையும் தன்வந்திரிக்கு சந்நிதி வைத்ததையும் சொல்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றைக்கும் இருக்கிறது. ஸ்ரீரங்கம் போகிறவர்கள் தாயாரையும் பெருமாளையும் சேவித்துவிட்டு அவசரமாகத் திரும்பாமல் அங்கேயும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். இதற்கும் முந்தியது காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டு. 11-ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலம். 15 படுக்கை உள்ள ஆதுலசாலை, அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து செய்யவும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு பெண்கள் என்று எல்லோருக்கும் சம்பளம் போட்டுக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷம். அங்கே இருப்பு வைத்த மருந்துப் பட்டியலில் ஆமணக்கெண்ணெய் சேர்த்த தைலங்களும் வருகின்றன. அது குதிகாலுக்குப் பூசத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் வீட்டு விளக்கெண்ணெய் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்திருக்கிறது.

இனி வீட்டு வைத்தியம். பித்த வெடிப்பு என்ற பெயரே சித்த வைத்தியத்தின் வாதம், பித்தம், கபம் கணக்கில் வந்ததுதான். உடம்புச் சூடு காலில் இறங்கி வெடிக்கிறது என்பார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் உச்சந்தலைக்கு அடுத்தபடி உள்ளங்காலில் நல்லெண்ணெய் வைப்பது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் இன்றைக்கும் காலைத் தேய்க்காமல் கரையேறும் பெண்ணைப் பார்ப்பது அரிது. பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பதும் உண்டு. மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசுவது, வேப்பெண்ணெய், குங்கிலிய வெண்ணெய், ஆலம்பால், அரசம்பால் என்று ஊருக்கு ஒன்று சொல்வார்கள்.

இதில் எது சரி, எது தப்பு என்று எங்கள் கூட்டத்துக்கு வந்த கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டோம். அவங்க சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. உடம்பிலேயே தடிப்பான தோல் அங்கேதான். நாம் நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு மெத்தை உடம்பு பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கும். தோல் மெத்தென்று இருந்தால் கூடவே விரியும், காய்ந்திருந்தால் ஓரத்தில் கிழியும். அவ்வளவுதான் விஷயம். பின்பக்கம் திறந்த செருப்பு போட்டாலும், சிமெண்டுத் தரையில் நாளெல்லாம் நின்றாலும், உடம்பு பருத்தாலும் இது கூடும். அதனால் வழி என்னவென்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகப் போவதற்குள்ளேயே எண்ணெயோ வாசலினோ பூசவேண்டும். ராத்திரி பூசி பருத்திக் காலுறை போட்டால் இன்னும் நல்லது. ரொம்பத் தடித்துப் போயிருந்தால் யூரியா கலந்த கிரீம் இருக்கிறதாம். வயலுக்குப் போடும் யூரியாவா என்று ஒரு அக்கா கேட்டார். பொருள் அதேதான், ஆனால் மருந்துக்கடையில் கிரீமாக வாங்கவேண்டும், உரமூட்டையில் கை வைக்கக் கூடாது என்றார் செவிலியர். அரைமணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை.

ஆலம்பாலும், மெழுகுவத்தியை உருக்கி ஊற்றுவதும் வெடிப்பை மூடத்தான் செய்யும். உள்ளே அழுக்கு இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். பிளேடால் சீவுவது கூடவே கூடாது.

ஆக, பாட்டிமார் கல்லில் தேய்த்து எண்ணெய் வைத்தது முக்கால்வாசி சரி. இதையேதான் பெரிய டாக்டர்களும் வேறு வழியில் போய்க் கண்டுபிடித்தார்கள். 1940-களின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் காலைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் காயத்தோடேயே நடந்து நடந்துதான் புண் ஆகிறது என்றார். அதற்குப் பிறகுதான் தினமும் காலைப் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைப்பது, தேய்ப்பது, எண்ணெய் பூசுவது என்று நோயாளிகளுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் வேலூர், கரிகிரி பக்கம் நடந்த அந்த வேலையில் இருந்து வந்ததுதான். இன்றைக்கு அந்தச் செருப்பைச் சர்க்கரை நோயாளிகள் போடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை நான் எழுதியதே சர்க்கரைக்காகத்தான். எங்கள் பெரியம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சர்க்கரை பத்து வருஷமாக இருந்தது. குதிகாலில் ஒரு வெடிப்பு. வலிக்கவில்லை, அதனால் பெரிதாக நினைக்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று யாரும் சொல்லவும் இல்லை. வெடிப்புக்குள் மண் போய், சீழ் வைத்து, காய்ச்சல் வந்த பிறகு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். முதலில் இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குழுவில் உள்கடன், அது போதாமல் வெளியில் வட்டிக்கு. எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், கடன் காரணம் என்ற இடத்தில் “மருத்துவச் செலவு” என்று எழுதிய வரிகள் நிறைய இருக்கின்றன. எந்த வியாதி என்று எழுதும் வழக்கம் இல்லை. எத்தனை கடன் ஒரு குதிகால் வெடிப்பில் ஆரம்பித்ததோ!

சர்க்கரை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன ஊறவைக்கிற முறை பொருந்தாது. அவர்கள் ரொம்ப நேரம் காலை ஊறவைக்கக் கூடாது, சுடுதண்ணீர் கூடாது, கல்லில் கரகரவென்று தேய்க்கக் கூடாது. கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, குதிகாலுக்கு எண்ணெய், இடுக்குக்கு வேண்டாம். அடிப்பாதத்தைக் குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லை பேத்தியைப் பார்க்கச் சொல்லலாம். சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலர்கள் நம் மகளிர் குழுக்களில் இருந்து போனவர்கள்தானே. அவர்கள் வரும்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல் காலையும் ஒருமுறை காட்டுங்கள். பாதம் பாதுகாப்போம் என்று அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது.

சமயபுரத்துக்கு நடக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டுதலை நான் குறை சொல்லமாட்டேன், நானும் மஞ்சள் புடவை கட்டி நடந்தவள்தான். பங்குனி, சித்திரை தார் ரோட்டில் வெறுங்கால் நடை சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. ஆத்தா செருப்பைப் பார்த்துக் கோபிக்கமாட்டாள்.

கடைசியாக அம்மா வேலை பார்த்த களம். மண்ணச்சநல்லூர் அரிசி ஊருக்கெல்லாம் தெரியும். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலாலேயே வரி வரியாகக் கிளறிக்கொண்டு நடக்கவேண்டும். மேலே வெயில், கீழே சிமெண்டுச் சூடு, நடுவில் நெல்லின் சுணை. சாப்பிடுகிற பண்டம் என்பதால் செருப்பு போடக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. இப்போது பல ஆலைகளில் டிரையர் வந்துவிட்டது, ஆனாலும் களம் முழுசாகப் போய்விடவில்லை. எங்கள் குழுவிலேயே நாலு பேர் அந்த வேலைக்குப் போகிறார்கள். வேலை முடிந்ததும் கால் கழுவ ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய், நெல்லில் மட்டும் போட்டுக்கொள்ள சுத்தமான கான்வாஸ் உறை, இந்த மூன்றையும் ஆலைக்காரர்களிடம் கேட்கலாமா என்று போன கூட்டத்தில் பேசினோம். தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது என்று அந்த நாலு பேரும் பயப்படுகிறார்கள். கூட்டமைப்பின் பெயரில் கடிதம் எழுதித் தரலாம் என்று பொருளாளர் அக்கா சொல்லியிருக்கிறார். கடிதம் இன்னும் எழுதவில்லை.