பாட்டே இல்லாத சிவாஜி படம்

நண்பர்களே, 1974ஆம் வருடத்து விடுதி அறிவிப்புப் பலகையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "சனிக்கிழமை இரவு சிவாஜி நடித்த 'அந்த நாள்'" என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. அவ்வளவுதான், சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. சுவரில் வேட்டியைக் கட்டி, 16 எம்.எம். புரொஜெக்டரில் படம் ஓடியது. பாட்டு வந்தால் விசில் அடிப்பதற்கென்றே முன்னால் இடம் பிடித்த கோஷ்டியில் அடியேனும் ஒருவன்.

படம் ஆரம்பித்ததுமே துப்பாக்கி வெடித்தது. சிவாஜி செத்து விழுந்தார்! "டேய், ஹீரோவே காலிடா!" என்று ஒரு குரல். அப்புறம் துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். முக்கால் மணி நேரமாகியும் பாட்டு வரவில்லை. ரீல் மாற்றும்போது போட்ட கூச்சலில் படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கூச்சலை ஆரம்பித்தவர்களில் நானும் உண்டு.

நாங்கள் செய்தது புதிதல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏவி.எம். தயாரித்த இந்தப் படம் 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ் வருடப் பிறப்பையொட்டி வெளியானது. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாத முதல் தமிழ்ப் படம் இதுதான். 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாடல்கள் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ரசிகர்கள் கொட்டகைக்கு வந்தார்கள், ஏமாந்தார்கள், பாதியில் எழுந்து போனார்கள். 'பராசக்தி'யில் கைதட்டல் வாங்கிய கதாநாயகன் இதில் ஜப்பானுக்கு உளவு சொல்லும் தேசத்துரோகி! சுதந்திரம் வந்து ஏழே வருடத்தில் அதை ஜீரணிப்பது சுலபமா?

இதை இயக்கிய எஸ். பாலசந்தரோ வீணை வித்வான். இசையிலேயே ஊறிய மனிதர் பாட்டே வேண்டாம் என்று துணிந்திருக்கிறார். அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' படத்தைப் பார்த்ததும், ஒரே சம்பவத்தைப் பல பேர் பலவிதமாகச் சொல்லும் அந்த முறை அவரைப் பிடித்துக்கொண்டது. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். வசூலில் தோற்ற படத்துக்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்த நம் சரித்திரப் பேராசிரியர் யாரையும் திட்டவில்லை. "நீங்க நிறுத்தச் சொன்ன படத்துல ஒரு நிஜமான ராத்திரி இருக்குதுப்பா" என்று மட்டும் ஆரம்பித்தார். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டதும் சென்னை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். மிருகக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபர் 11 இரவு சென்னை மேலேயே குண்டு விழுந்தது. படத்தின் கதை நடப்பது அந்தச் சமயத்தில்தான். பேராசிரியர் அப்போது பள்ளிக்கூடப் பையன். "எங்கப்பா மட்டும் ஆபீஸுக்காகப் பட்டணத்துலயே இருந்தார். தினமும் போஸ்ட்மேனைப் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. அந்தப் படத்தைப் பார்க்கத்தான் அவர் சனிக்கிழமை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

முழுப் படத்தையும் நான் பார்த்தது பல வருடம் கழித்து, வீட்டுத் தொலைக்காட்சியில். இந்தத் தடவை பாட்டை எதிர்பார்க்கவில்லை. பண்டரிபாயின் முகமும், சிவாஜியின் அடங்கிய குரலும், வெளிச்சமும் நிழலும் அப்போதுதான் கண்ணில் பட்டன. படம் மாறவில்லை, பார்த்த ஆள்தான் மாறியிருந்தான். சரித்திரத்திலும் இப்படித்தான் நடக்கிறது. எதைத் தேடிப் போகிறோமோ அதுமட்டும்தான் தெரிகிறது. மற்றது எதிரே இருந்தாலும் கண்ணில் படுவதில்லை. ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்ன ராஜனின் கதையில் ஆறாவது சாட்சி ரசிகன். அவனும் 1954இல் தப்பாகத்தான் சொன்னான்.

பிறகு ஜெயகாந்தனின் 'உன்னைப் போல் ஒருவன்' (1965), பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), 'குருதிப்புனல்' (1995) எல்லாம் பாட்டில்லாமல் வந்தன. அந்தக் கதவை முதலில் திறந்த பாலசந்தர் 1990இல் காலமானார்.

பேராசிரியரும் இன்று நம்மிடையே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோன அவரிடம் அன்று கேட்காத மன்னிப்பை இந்த மலரில் கேட்டுக்கொள்கிறேன். அன்று என்னோடு விசில் அடித்த நண்பர்களே, ஒருநாள் சாவகாசமாக அந்தப் படத்தை முழுசாகப் பாருங்கள். கொலை செய்தது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை!