இருபது கம்பங்கள் சாய்ந்த கதை

ஹாம் வானொலியில் ஈடுபட்ட நண்பர் உங்களுக்கு இருந்தால், அவர் வீட்டு மாடியில் ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று ஆண்டெனாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கருவி வாங்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கூட, கம்பத்துக்குக் கையில் கிடைத்த குழாயை நட்டுவிடுவதுண்டு. மார்க்கோனியின் குழுவினரே கம்பத்தில் சறுக்கியவர்கள்தாம்!

1901-இல் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் சைகை அனுப்புவதற்காக, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போல்டு என்னுமிடத்தில் அவர்கள் ஒரு நிலையம் அமைத்தார்கள். 200 அடி விட்டமுள்ள வட்டத்தில், கப்பலின் பாய்மரங்களைப் போன்ற இருபது கம்பங்கள். ஒவ்வொன்றும் 200 அடி உயரம். உச்சியிலிருந்து ஏரியல் கம்பிகள் புனல்போலக் கீழே குவிந்தன.

குறை எங்கே இருந்தது? ஒவ்வொரு கம்பத்தையும் வட்டத்துக்கு வெளிப்புறமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் சாயாமல் தடுத்தது, அண்டைக் கம்பத்தின் உச்சியோடு இணைத்த கயிறுதான். ஒன்று சாய்ந்தால் அடுத்ததும் சாயும் அல்லவா? கட்டுமானப் பொறியாளர் விவியன் இந்த அமைப்பு பாதுகாப்பற்றது என்றார். அவர் சொல் எடுபடவில்லை. செப்டம்பர் 17 அன்று அடித்த புயலில் அத்தனையும் சரிந்தன. அமெரிக்காவின் கேப் காட் முனையில் இதே அமைப்பில் எழுந்த நிலையமும் நவம்பர் 25 அன்று வீழ்ந்தது.

மார்க்கோனி தளரவில்லை. போல்டுவில் இரண்டே கம்பங்களுக்கிடையே விசிறிபோலக் கம்பிகளைத் தொங்கவிட்டார்கள். அவர் நியூபவுண்ட்லாந்து சென்று பட்டத்தில் ஏரியலைப் பறக்கவிட்டு, டிசம்பர் 12 அன்று மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். (உண்மையில் கேட்டாரா என்று ஐயுறும் இயற்பியலார் இன்றும் உண்டு.) 1902-இல் போல்டுவில் எழுந்தவை, அகன்ற அடித்தளத்தில் தனித்தனியே நிற்கும் நான்கு மரக் கோபுரங்கள்.

இனி நண்பரின் மாடிக்கு வருவோம். கோபுர உச்சியின் பிடிப்புக்கு மேலே 1 மீட்டரில் ஓர் ஆண்டெனா, 3 மீட்டரில் அதே அளவில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் காற்று 20 கிலோகிராம் விசையுடன் தள்ளுவதாகக் கொள்வோம். பிடிப்பில் குழாயை வளைக்கும் திருப்புத்திறன் 20 + 60 = 80 கிலோகிராம்-மீட்டர். முக்கால் பங்கு மேலே நிற்பதால் வருகிறது! காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 80 என்பது 320 ஆகிவிடும். ஆகவே பெரிய ஆண்டெனாவைக் கீழே பொருத்துவதே நல்லது.

குழாயின் சுவர்த் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால் எடை ஏறத்தாழ இரு மடங்குதான். வளைவைத் தாங்கும் வலிமையோ ஏறத்தாழ நான்கு மடங்கு. உள்ளீடற்ற தண்டின் இந்தச் சிறப்பை, நாணலையும் பறவை எலும்பையும் காட்டி 1638-லேயே விளக்கியவர் கலிலியோ. தண்ணீர்க் குழாய் நீரின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டு வளைவுக்காக அன்று. கடையில் விட்டத்தை மட்டும் கேட்காமல், சுவர்த் தடிப்பையும் எஃகின் தரத்தையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.