வளர்ற பிள்ளைக்கு டிரஸ் வாங்குறீங்களா? விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க!

வீட்டு பீரோவில் குழந்தையோட துணி இருக்கிற தட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. விலைச்சீட்டுகூடப் பிரிக்காத ஒரு சட்டை, ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்ட ஷெர்வானி, போன தீபாவளிக்கு எடுத்து இந்தப் பொங்கலுக்கே தோள் இடிச்ச கவுன்... மூணுல ஒண்ணாவது கண்டிப்பா இருக்கும். அதே பீரோவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டுதான், "ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போக ஒரு உருப்படியான பேன்ட் இல்லையே"னு தினமும் காலையில புலம்பிக்கிட்டு இருப்போம்.

தப்பு உங்க மேல மட்டும் இல்லை. பெரியவங்களுக்கு வாங்குற மாதிரியே குழந்தைக்கும் வாங்குறோம். நம்ம சட்டை கிழியுற வரைக்கும் நமக்குப் பொருந்தும். குழந்தையோட சட்டை கிழியுறதுக்கு முன்னாடியே சின்னதாயிடும். அதனால குழந்தை டிரஸ்ஸுக்கு நாம கொடுக்கிற உண்மையான விலை, சீட்டுல இருக்கிற விலை இல்லை. அதை எத்தனை தடவை போடுறாங்கன்னு வகுத்தா வர்ற விலை.

ஒரு சின்னக் கணக்கு. 1,800 ரூபாய்க்கு ஒரு நெட் கவுன் வாங்குறீங்க. தீபாவளி, ஒரு கல்யாணம், ஒரு பர்த்டே பார்ட்டி என மூணு தடவை போட்டதும் சின்னதாயிடுச்சு. ஒரு தடவைக்கு 600 ரூபாய்! அதே நேரம் 250 ரூபாய் டி-ஷர்ட்டை வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு பத்து மாசம் போட்டா, 80 தடவைக்கு மேல வரும். ஒரு தடவைக்கு மூணு ரூபாய்தான். அதுக்காக பட்டுப்பாவாடையே வேண்டாம்னு சொல்லலை. எங்கே இறுக்கிப் பிடிக்கணும், எங்கே தாராளமா இருக்கலாம்னு தெரிஞ்சா போதும்.

எந்த வயசுல எவ்வளவு வேகம்?

துணி பட்ஜெட்டைப் போடுறதுக்கு முன்னாடி உயரக் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. இதெல்லாம் சராசரிதான். உங்க குழந்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

பிறந்தப்போ சுமார் 50 செ.மீ. இருக்கிற குழந்தை, முதல் பிறந்தநாள்ல 75 செ.மீ. கிட்ட வந்துடும். ஒரே வருஷத்துல 25 செ.மீ.! ரெண்டாவது வருஷம் சுமார் 12, மூணாவது வருஷம் 9, நாலாவது வருஷம் 7 செ.மீ. அதுக்கப்புறம் பத்து வயசு வரைக்கும் வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ.தான். பிறகு மறுபடியும் ஒரு பாய்ச்சல் இருக்கு. பெண் பிள்ளைகளுக்கு 10 வயசை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 12 வயசை ஒட்டியும் அது ஆரம்பிக்கும். அந்தச் சமயத்துல ஒரே வருஷத்துல 8, 9 செ.மீ. வளர்றது சாதாரணம்.

இதை அப்படியே வாங்குற பட்டியலா மாத்திக்கலாம்.

0 - 1 வயசு: மூணு மாசத்துக்கு ஒரு சைஸ் மாறும். ஜப்லா மாதிரி மெல்லிய காட்டன் துணி பத்துப் பன்னிரண்டு இருந்தா போதும். "புது டிரஸ் எடுத்துட்டு வர்றோம்"னு கேட்கிற சொந்தக்காரங்ககிட்ட, "ஒரு வயசுக்குப் போடுற மாதிரி எடுங்க"னு கூச்சப்படாம சொல்லிடுங்க. எல்லாருமே பிறந்த குழந்தை சைஸ்லதான் எடுத்துட்டு வருவாங்க.

1 - 3 வயசு: வருஷத்துக்கு ரெண்டு சைஸ். தவழ்ந்து, விழுந்து, சாம்பார் கொட்டிக்கிற வயசு. விலை உயர்ந்த எதுவும் இங்கே வீண்.

4 - 9 வயசு: வருஷத்துக்கு ஒரு சைஸ். கொஞ்சம் நல்ல துணியா, தாராளமா வாங்க ஏத்த காலம் இதுதான். போட்ட காசுக்கு உழைக்கும்.

10 - 14 வயசு: எப்போ பாய்ச்சல் வரும்னு தெரியாது. அதனால குறைவா வாங்கி, அடிக்கடி வாங்குங்க. பெண் பிள்ளைகளோட உள்ளாடைக்குத் தனியா ஒரு தொகை ஒதுக்கி வெச்சிடுங்க. அதுல "கொஞ்சம் பெருசா எடுப்போம்"ங்கிற கணக்கு வேலைக்கு ஆகாது. சரியான அளவுதான் வேணும்.

வயசை நம்பாதீங்க, உயரத்தை நம்புங்க!

"எத்தனை வயசு?" இதுதான் கடையில கேட்கிற முதல் கேள்வி. ஆனா, ஒரே வகுப்புல படிக்கிற ரெண்டு ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவுல 10 செ.மீ. வித்தியாசம்கூட இருக்கும். 22, 24, 26 என்று போட்டிருக்கிற எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை குழந்தையைச் சுவரோரம் நிக்க வெச்சு நாலு அளவு எடுங்க: உயரம், மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, இடுப்புல இருந்து கணுக்கால் வரை நீளம். போன் நோட்ஸ்ல தேதியோட போட்டு வைங்க. ஆன்லைன்ல வாங்கும்போது சைஸ் சார்ட்டோட ஒப்பிட இந்த நாலு எண் போதும். ரிட்டர்ன் அனுப்புற அலைச்சல் பாதி குறையும்.

திருப்பூர் ஏற்றுமதித் துணி கிடைச்சா இன்னும் சுலபம். ஐரோப்பாவுக்குப் போற குழந்தைகள் டிரஸ்ல 98, 104, 110, 116 என்று போட்டிருக்கும். அது செ.மீ. கணக்குல குழந்தையோட உயரம். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் 6 செ.மீ. வித்தியாசம். அதாவது, நாலு வயசுக்கு மேல கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி. 100 செ.மீ. இருக்கிற பிள்ளைக்கு 104 எடுத்தா இப்பவும் போடலாம், அடுத்த சில மாசத்துக்கும் வரும். ரெண்டு சைஸ் தாண்டி 110 எடுத்தா, அது பீரோவுலதான் தூங்கும். பிள்ளைக்குப் பொருந்துற நாள் வர்றதுக்குள்ள அது இருக்கிறதே மறந்துடும்.

டெய்லர்கிட்ட இதைச் சொல்லுங்க

"வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே தைங்க" என்பது நம்ம வீடுகள்ல தலைமுறை தலைமுறையா வர்ற வசனம். அதுல ஒரு சிக்கல் இருக்கு. தோளும் கழுத்தும் பெருசாயிட்டா, "அப்பா சட்டையா?"னு கிளாஸ்ல கேலி கேட்கிறது பிள்ளைதான், நாம இல்லை.

நாலுல இருந்து ஒன்பது வயசு வரைக்கும் பிள்ளைங்க அகலத்தைவிட நீளத்துலதான் வேகமா வளர்றாங்க. அதனால தோளைச் சரியான அளவுல வெச்சுட்டு, நீளத்தை மட்டும் உள்ளே மறைச்சு வைக்கச் சொல்லுங்க.

* பேன்ட் கீழே 2 இன்ச் உள்மடிப்பு விட்டா, நீளத்தைப் பொறுத்தவரை ஒன்றரை வருஷம் தாங்கும். இடுப்புல எலாஸ்டிக்கோ, உள்பட்டன் வெச்ச எலாஸ்டிக்கோ இருக்கட்டும்.

* பட்டுப்பாவாடையில உள்பக்கமா ரெண்டு மூணு மடிப்பு பிடிச்சுத் தைக்கச் சொல்லுங்க. வருஷம் ஒண்ணு பிரிச்சு விட்டா, ஒரே பாவாடை மூணு தீபாவளி பார்க்கும். பாட்டி காலத்து டெக்னிக்தான், இன்னும் இதை மிஞ்ச ஆள் இல்லை!

* சட்டை மேல தனித்துணி வேணும்னா, கூடவே அரை மீட்டர் அதிகமா எடுத்து வைங்க. அடுத்த வருஷம் கைநீளத்தை அதுலயே சரி பண்ணலாம்.

* மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுக்கிற பட்டுப்புடவை சின்னதாகாது. ரவிக்கைதான் சின்னதாகும். பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் 1 இன்ச் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னா, பிரிச்சு விட்டுக்கலாம்.

ரெடிமேட்லயும் இதே பார்வைதான். ஃபிராக் நீளம் குறைஞ்சா லெகிங்ஸோட டாப் ஆயிடும். ஃபுல் பேன்ட் முட்டியில கிழிஞ்சா வெட்டி அரைக்கால் டிரவுசர் ஆக்கிடலாம். வாங்கும்போதே "அடுத்து இது என்னவாகும்?"னு ஒரு நிமிஷம் யோசிங்க.

ஸ்கூல் யூனிஃபார்ம்: மொத்தமா வாங்காதீங்க

ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது ஃபீஸ், புத்தகம், பேக் எல்லாம் சேர்ந்து வரும். அந்தப் பதற்றத்துலயே அஞ்சு செட் யூனிஃபார்மும் வாங்கிடுறோம். அதுக்குப் பதிலா மூணு செட் வாங்குங்க. காலாண்டு லீவுல ஒரு தடவை அளவு பார்த்துட்டு, தேவைன்னா மிச்சத்தை எடுங்க. செலவும் ரெண்டா பிரியும். கடையில ஸ்டாக் இருக்குமான்னு மட்டும் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க.

அரசுப் பள்ளியில பிள்ளை படிச்சா, 1 முதல் 8-ம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்துல இருக்கிற மாணவர்களுக்கு வருஷத்துக்கு 4 செட் விலையில்லாச் சீருடை உண்டு. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைச்சுக் கொடுக்கிற சீருடை அது. அளவு எடுக்க வரும்போது பிள்ளை லீவு போடாம பார்த்துக்கிட்டாலே, ஆல்டரேஷன் செலவு மிச்சம்.

எங்கே, எப்போ வாங்கலாம்?

தினசரி போடுற பனியன் துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டை. மொத்தமா எடுக்க ஈரோடு ஜவுளிச் சந்தை. அங்கே திங்கள் இரவுல இருந்தே வியாபாரம் சூடு பிடிக்கும். சென்னையில வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோடும், தி.நகர் ரங்கநாதன் தெருவும் இருக்கவே இருக்கு. ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து போனா, மொத்த விலைக்கு வாங்கிப் பிரிச்சுக்கலாம்.

ஆடித் தள்ளுபடியில தீபாவளி டிரஸ் எடுக்கலாமா? நாலு வயசு தாண்டின பிள்ளைன்னா தைரியமா எடுக்கலாம். மூணு மாசத்துல ஒண்ணரை செ.மீ.தான் கூடும். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம். அதே மாதிரி "அடுத்த வருஷத்துக்கு ஆகும்"னு ஆஃபர்ல எடுக்கிறதும் வேண்டாம்.

எடுக்கும்போது துணியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கை நிழல் தெளிவா தெரிஞ்சா மெல்லிசு, சீக்கிரம் தொய்யும். தையலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க. ஈரக் கர்ச்சீப்பால தேய்ச்சா சாயம் ஒட்டுதான்னு தெரிஞ்சிடும். கழுத்துல நீளமா கயிறு தொங்குற டிரஸ் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, அது எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

பில்லைப் படிங்க

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு டிரஸ் 2,500 ரூபாய் வரைக்கும் இருந்தா 5% ஜி.எஸ்.டி. அதைத் தாண்டினா 18%. அதனால 2,600 ரூபாய் லெஹங்காவை எடுக்குறதுக்கு முன்னாடி, 2,500-க்குள்ள இருக்கிறதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க. எம்.ஆர்.பி.யில வரியும் சேர்ந்துதான் இருக்கு. அதுக்கு மேல வரின்னு கேட்டா கொடுக்க வேண்டியதில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"னு பில்லுல அச்சடிச்சிருப்பாங்க. ஆனா, குறைபாடுள்ள பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, காலம் எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மறுக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சைஸ் பத்தலைங்கிறது குறைபாடு ஆகாது. அதனால சைஸ் மாத்தித் தருவாங்களான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

பழசு போட்டா என்ன?

பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில சுத்தி வாங்குற ஊர் நம்ம ஊர். துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன துணிதான் பிஞ்சு உடம்புக்கு உறுத்தாதுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். அதனால அக்கா பிள்ளையோட டிரஸ்ஸை வாங்கிக்க வெட்கப்பட வேண்டாம். முதல் மூணு வயசுக்கு இதுதான் பெரிய மிச்சம். சொந்தத்துல, அப்பார்ட்மென்ட்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, உயரத்தைக் குறிப்பிட்டு போட்டோ போட்டா போதும். வாங்கினதும் வெந்நீர்ல அலசி, வெயில்ல காய வெச்சுட்டுப் போடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கவனம். ரெண்டாவது பிள்ளைக்கு எப்பவுமே அண்ணன் சட்டை, அக்கா கவுன்தான்னா, நாலஞ்சு வயசுல அது மனசுல பதியும். "எனக்கு மட்டும் ஏன் புதுசு இல்லை?"னு கேட்டா அது அடம் இல்லை, நியாயமான கேள்வி. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாவது, அந்தப் பிள்ளையே கடையில நின்னு, கலரைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததா இருக்கட்டும். தானே எடுத்த டிரஸ்ஸைப் பிள்ளைங்க திரும்பத் திரும்பப் போடுவாங்க. நம்ம கணக்குப்படி அதுவும் லாபம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறங்க. பொருந்துறது, ஆல்டர் பண்ண வேண்டியது, கொடுத்துட வேண்டியதுன்னு மூணு குவியலா பிரிங்க. அதுக்கப்புறம் என்ன இல்லைன்னு ஒரு லிஸ்ட் எழுதுங்க. நீங்க நினைச்சதைவிட அந்த லிஸ்ட் சின்னதா இருக்கும் பாருங்க!